வெள்ளைச் செருப்புப் போட்ட விருந்தாளி

கூரையிலிருந்து விழுந்து இறந்த எட்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்த கையோடு, மாதுளை அறையின் கதவைத் திறந்துகொண்டு, கழுத்தில் கமெராவும் காலில் விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் வெள்ளைத் துணிச் செருப்புமாக மரப்படிகளில் இறங்கி வந்து, நீள மேசையின் தலைப்பக்கக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார் கேதீஸ்வரன். மடித்து வைத்திருந்த துணியை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். எதிரே இருந்த ஜேர்மன் தம்பதி அவருக்குத் தலையசைத்தார்கள், அவரும் அசைத்தார். பரிமாற நின்ற சுகந்தினியின் கையில் புட்டுத் தட்டு இருந்தது. அவள் அதை விழுத்தவில்லை. ஒன்பது வருடமாக அந்த மேசைக்குப் பரிமாறி ஒரு தட்டையும் விழுத்தாதவள், புருசன் செத்து எட்டு நாளில் திரும்பி வந்ததற்காக விழுத்துவாளா?

அந்தப் பண்ணை சிசிலித் தீவின் நடுவே ஒரு மலைச்சரிவில் இருந்தது. ஒலிவ் மரங்கள், எலுமிச்சந் தோட்டம், நாற்பது ஆடுகள், ஒரு நீச்சல் குளம், கல்லால் கட்டிய பழைய பெரிய வீடு. வீட்டின் ஆறு அறைகளுக்கும் ஆறு பழங்களின் பெயர் வைத்திருந்தார்கள். தூர நாடுகளிலிருந்து வருகிறவர்கள் அந்த அறைகளில் தங்கி, ஆடு கறப்பதைப் பார்த்து, ஒலிவ் பிடுங்குவதைப் பார்த்து, மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக் களைப்பாறிவிட்டுப் போவார்கள். பலேர்மோ நகரத்தில் யாழ்ப்பாணத்தார் ஒருவரின் கடைச் சுவரில் ஒட்டியிருந்த வேலை விளம்பரத் துண்டைப் பார்த்துவிட்டு, ஐந்து வயது மகள் ஆரணியைத் தோளில் தூக்கிக்கொண்டு, கேதீஸ்வரனும் சுகந்தினியும் அங்கே வேலைக்கு வந்தார்கள். ஆட்டுக்கொட்டிலோடு ஒட்டியிருந்த அறை அவர்களுக்குக் கிடைத்தது. அந்த அறைக்குப் பழத்தின் பெயர் ஒன்றும் இருக்கவில்லை.

முதலாளி றொசாரியோவின் வாய்க்கு அவர்களுடைய பெயர்கள் நீளமாக இருந்தன. வந்த அன்றைக்கே அவர் சுகந்தினியைச் சுசான்னா ஆக்கினார், கேதீஸ்வரனைச் சிரோ ஆக்கினார். சுகந்தினிக்கு வீட்டு வேலையாள் என்று அரசாங்கத்தில் ஒரு பதிவு இருந்தது. கேதீஸ்வரனுக்கு எந்தப் பதிவும் இல்லை. அடுத்த வருடம் பார்ப்போம் என்று ஒன்பது வருடம் சொல்லப்பட்டது. அந்த ஒன்பது வருடமும் அவன் விடியமுன் ஆடு கறந்தான், குளத்தில் விழுந்த இலைகளை அரித்தான், சரிந்த கல்மதில்களைத் திரும்ப அடுக்கினான், காட்டு ஒலிவில் நல்ல ஒலிவை ஒட்டுக் கட்டினான், அடைத்த குழாய்க்குள் தோள்மட்டும் கையை விட்டான், விருந்தாளிகளின் பெட்டிகளைச் சுமந்து மேலே போனான், வெறுங்கையோடு கீழே வந்தான், அந்த நீள மேசையில் ஒரு நாளும் இருந்து சாப்பிடவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், மாதுளை அறைக்கு மேலே மூன்று ஓடுகள் நழுவியிருந்தன. காலையில் மழை பெய்து விட்டிருந்தது. ஓடு ஈரம், காயட்டும் என்று கேதீஸ்வரன் சொன்னான். பின்னேரம் ஆட்கள் வருகிறார்கள், ஏறு, ஏணியை நான் பிடிக்கிறேன் என்றார் றொசாரியோ. பிடிக்கத்தான் செய்தார். பிறகு அவருடைய போன் அடித்தது. முற்றத்தில் சத்தம் சரியாகக் கேட்காது. அவர் ஒரு கையை எடுத்தார், மற்றக் கையையும் எடுத்தார், இரண்டடி நடந்தார், எலுமிச்சை மரத்தடிவரைக்கும் போனார், ஓம் ஓம், அந்த வாரம் அறை இருக்கிறது என்று சொன்னார். குசினி யன்னலில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்ற சுகந்தினி எல்லாவற்றையும் கண்டாள். ஏணி சறுக்கியதையும் கண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் கண்டாள். பொலிசுக்குச் சொல்லமுன் றொசாரியோ முழங்காலில் இருந்து, கேதீஸ்வரனின் றப்பர் சப்பாத்துகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றி, அவனுடைய கால்களில் விருந்தாளிகளின் வெள்ளைச் செருப்பைப் போட்டார். உள்ளே ஓடிப் போய், படச்சுருள் இல்லாத தன் பழைய கமெராவைக் கொண்டுவந்து கழுத்தில் மாட்டினார். வருகிறவர்களின் பெயர் எழுதும் பெரிய கொப்பியில், அவனுடைய கடவுச்சீட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் பெயரை எழுதி, அறை: மாதுளை என்றும், வந்த திகதி: நேற்று என்றும் எழுதினார். புறப்படும் திகதிக்கு நேரே பேனை நின்றது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார்.

பொலிஸ் நிலையத்தின் நடைபாதையில் வைத்து அவர் சுகந்தினிக்கு மெதுவாகச் சொன்னார். பதிவில்லாத ஆளை நான் கூரைக்கு ஏற்றினேன் என்று தெரிந்தால் பண்ணையைப் பூட்டிவிடுவார்கள், உன் பதிவு போகும், விசா போகும், பிள்ளையின் பள்ளிக்கூடம் போகும், யோசி. அவள் யோசித்தாள். யோசிக்கக் கிடைத்தது ஒரு நிமிடம். பொறுப்பதிகாரி, இவர் யார் என்று கேட்டார். விருந்தாளி என்று அவள் தமிழில் சொன்னாள். பதினான்கு வயது ஆரணி அதைத் தன் வாயால் இத்தாலிய மொழியில் சொன்னாள். படம் எடுக்கக் கூரைக்கு ஏறி விழுந்த விருந்தாளி என்று ஒரு கடதாசி எழுதப்பட்டது. தாயும் மகளும் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

எட்டாம் நாள் செலவுப் படையலுக்கு அவள் லீவு கேட்டாள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் விலகி நின்றால் அவர் வந்து சாப்பிடுவார் என்று அவள் விளங்கப்படுத்தினாள். விருந்தாளிகள் இருக்கிற நாள், மத்தியானம் லீவு தர ஏலாது, உன்னுடைய அறையில் பின்னேரம் செய் என்றார் றொசாரியோ. அவள் வெள்ளிக்கிழமை மீன்வான்காரனிடம் வாங்கிய நண்டைக் குழம்பு வைத்தாள். கத்தரிக்காய்ப் பாற்கறி வைத்தாள். புட்டு அவித்தாள். அவிக்க அவிக்க அவளுடைய நெஞ்சுக்குள் ஒரு சூடு ஏறியது. விருந்தாளி என்று எழுதினார்கள், எழுதட்டும், விருந்தாளிக்கு ஆட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்திலா படைப்பது? அவள் நீள மேசையின் தலைப்பக்கம் நல்ல பீங்கானை வைத்துப் படைத்தாள். மண்டபக் கதவைச் சாத்தினாள். முற்றத்துக்கு வந்து, விருந்தாளிகளைச் சாப்பிடக் கூப்பிடும் மணியைக் கைவலிக்க அடித்தாள்.

அப்படித்தான் அவர் வந்தார்.

அவர் முள்ளுக்கரண்டியும் கத்தியும் பிடித்து நண்டைச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிந்ததும் வாயைத் துடைத்து, ஒன்பது வருடத்தில் கேதீஸ்வரனின் நாக்கில் வந்திராத நல்ல இத்தாலிய மொழியில், மிகவும் அருமை அம்மணி, இது உங்கள் நாட்டுச் சமையலா என்று கேட்டார். அவள் படிக்கட்டுவரை அவருக்குப் பின்னால் போனாள்.

"இஞ்சருங்கோ," என்றாள். "நான் சுகந்தி."

அவர் திரும்பித் தலையைக் குனிந்தார். மன்னிக்க வேண்டும், எனக்கு இந்த மொழி தெரியாது என்றார். அவளை ஒரு நொடி அன்பாகப் பார்த்தார், நல்ல வேலைக்காரியை நல்ல விருந்தாளி பார்ப்பதுபோல. பிறகு படியேறிப் போனார்.

றொசாரியோ எண்ணெய்க் களஞ்சியத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் மாதுளை அறையிலிருந்து மணி அடித்தது, மரியாதையாக, இடைவெளி விட்டு, நிற்காமல். துவாய் வேண்டுமாம். மற்ற விருந்தாளிகள் முகத்தைச் சுளித்தார்கள். றொசாரியோ வெளியே வந்து துவாய் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஊர் இதைப் பழகிக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. அந்தத் தீவில் நவம்பர் இரண்டாம் திகதி செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்கு இனிப்பு வைத்துவிட்டுப் போவது எல்லாரும் அறிந்த விசயம். இவர் வேற்று நாட்டுக்காரர், மாதம் மாறி வந்துவிட்டார் என்று பங்குத் தந்தை சொன்னார். பொலிஸ் பொறுப்பதிகாரி இரண்டு கடதாசிகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணித்தியாலம் பார்த்தார். ஒன்று இவர் செத்தார் என்றது. மற்றது இவர் மாதுளை அறையில் தங்கியிருக்கிறார் என்றது. இரண்டிலும் முத்திரை சரியாக விழுந்திருந்தது. அதனால் இரண்டும் உண்மை என்று அவர் முடிவெடுத்து, இரண்டையும் ஒரே கோப்பில் போட்டார். சவரக்கடைக்காரர் மட்டும், செத்தவருக்கு முடி வளருமா என்று அறியப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து பார்த்தார். வளர்ந்தது. வெட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பலேர்மோவிலிருந்து தமிழாட்கள் வான் பிடித்து வந்தார்கள். மிக்சரும் றோல்சும் கொண்டுவந்தார்கள். விருந்தாளி எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, படச்சுருள் இல்லாத கமெராவால் படம் எடுத்தார். அவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு சொல்லும் தமிழில் பேசமாட்டேன் என்கிறாரே என்று அவர்களுக்குக் கோபம் வந்தது. "வெளிநாட்டுக்கு வந்து மாறினவங்களக் கண்டிருக்கிறன்," என்றார் தமிழ்ச் சங்கத் தலைவர். "செத்தாப்பிறகு மாறினவன் இவன் ஒருத்தன்தான்." முப்பத்தோராம் நாள், செத்தவரை வழியனுப்பும் அந்தியேட்டிக்கு வந்த ஐயர் மாடியை அண்ணாந்து பார்த்தார். விருந்தாளி பலகணியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். "பிள்ளை, அறையில இருக்கிறவரை நான் எங்க அனுப்புறது?" என்று கேட்டுவிட்டு ஐயர் வந்த வானிலேயே திரும்பினார். அஸ்திக் குடம் ஆட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்து அறையில், கட்டிலுக்குக் கீழே, மூடிய வாயோடு இருந்தது.

சுகந்தினி முதலில் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்தி யோசித்தாள். காலையில் அவருக்குக் கோப்பி கொண்டுபோகிறபோது ஒருநாள், இங்கே விடியமுன் கறந்த ஆட்டுப்பால் நல்லாயிருக்கும், கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி வைத்தாள். நன்றி அம்மணி என்ற விருந்தாளி மணியை அடித்து, ஆட்டுப்பால் கேட்டார். புதிய வேலையாள் எவனும் அந்தப் பண்ணைக்கு வருவதாக இல்லை, செத்த விருந்தாளிக்குப் பெட்டி தூக்க யார் வருவான்? நான் குசினிக்குத்தான் என்று சுகந்தினி சொல்லிவிட்டாள், பதிவிலும் அப்படித்தான் இருந்தது. ஆகவே அறுபத்திரண்டு வயது றொசாரியோ இருட்டு விலகமுன் எழும்பி நாற்பது ஆடுகளைக் கறந்தார். அடுத்த வாரம் அவள், குளத்தில் இலை கிடக்கிறது, பார்த்தீர்களா என்றாள். அதற்கடுத்த வாரம், அந்த மதிலில் பாம்பு வரும், கல்லை யாராவது அடுக்கினால் நல்லது என்றாள். ஒன்பது வருட வேலையையும் அவள் ஒவ்வொன்றாக நினைவில் எடுத்து, மடிப்புக் கலையாமல், ஒவ்வொரு காலையும் கோப்பியோடு சேர்த்து வைத்தாள். விருந்தாளி மரியாதையாகக் கேட்டார். றொசாரியோ மரியாதையாகச் செய்தார். அவருடைய முதுகு வளைந்தது. கைகள் வெடித்தன. குழாய்க்குள் தோள்மட்டும் கையை விட்டுக்கொண்டு அவர் கிடந்ததைக் குசினி யன்னலில் நின்று சுகந்தினி நெடுநேரம் பார்த்தாள். அன்றைக்கு அவள் வயிறார இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள்.

றொசாரியோ தப்பப் பார்க்காமல் இல்லை. விருந்தாளியைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் நகரத்து பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு வந்தார். மத்தியான மணிக்கு விருந்தாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். பெரிய கொப்பியில் புறப்படும் திகதியை எழுதிக்கொண்டுபோய்க் காட்டினார். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது, இன்னும் சில நாள் இருக்கிறேனே என்றார் விருந்தாளி. றொசாரியோ தானே எழுதிய திகதியைத் தானே வெட்டினார்.

ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் ஆரணி தாயின் கையிலிருந்த கோப்பித் தட்டைப் பிடித்து நிறுத்தினாள். முந்தின நாள் விருந்தாளி அவளுக்கு ஒரு சொக்லேட் கொடுத்து, நீ இங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளையா என்று கேட்டிருந்தார்.

"நீங்கள் முதலாளியப் பழிவாங்கிறன் எண்டு நினைக்கிறியள்," என்றாள் ஆரணி. "அப்பாவத்தான் கட்டி வச்சிருக்கிறியள்."

"கட்டினது நானோ? அவன் எழுதினது."

"அவர் எழுதினதுதான். நாங்களும் சொன்னனாங்கள். என்ர வாயாலதானே சொல்லுவிச்சனீங்கள்."

சுகந்தினிக்கு மகளை அடிக்கக் கை எழும்பியது, தானாகவே விழுந்தது. அடுத்த நாள் காலை இருவரும் பஸ் ஏறிப் பொலிஸ் நிலையத்துக்குப் போய், தாங்கள் பொய் சொன்னதாகவும், அவர் விருந்தாளி இல்லை, ஒன்பது வருடம் வேலை செய்தவர், முதலாளி கூரைக்கு ஏற்றி ஏணியை விட்டவர் என்றும் சொன்னார்கள். பொய் சொன்னதற்காக உங்கள் மேலும் வழக்கு வரலாம் என்றார் பொறுப்பதிகாரி. வரட்டும் என்றாள் சுகந்தினி. அவர் எல்லாவற்றையும் எழுதினார். எழுதிவிட்டு, இது பாதி, மற்றப் பாதி றொசாரியோவின் வாயில் இருக்கிறது, அது வராமல் இந்தக் கோப்பு அசையாது என்றார்.

அவர்கள் திரும்பி வந்தபோது விருந்தாளி முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். அவருடைய இடது கால் வெறுங்காலாக இருந்தது. வெள்ளைச் செருப்பொன்று படிக்கட்டின் கீழே கழன்று கிடந்தது. ஆரணி எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்தாள். அவர் போட்டுப் பார்த்தார். நிற்கவில்லை, கழன்று விழுந்தது. வெடிப்பு விழுந்த, வலது பக்கம் கொஞ்சம் சரிந்த பெருவிரலுள்ள அந்தக் காலைச் சுகந்தினி உடனே அடையாளம் கண்டாள். அது விருந்தாளியின் கால் இல்லை.

"அம்மா, மற்றதும் கழண்டா?" என்று ஆரணி கேட்டாள்.

"அப்பாவா வருவார்."

"வந்து?"

"செத்தவர் எங்கயடி இருக்கிறது. போயிடுவார்."

அதற்குப் பிறகு செப்ரெம்பரும் ஒக்டோபரும் போயின. சுகந்தினி றொசாரியோவிடம் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் கோப்பி கொண்டுபோனாள், ஒரு வேலையைச் சொல்லி வைத்தாள், விருந்தாளி கோப்பியைத் தூக்கும் கையைப் பார்த்தாள், அவர் சீவி விட்ட தலைமுடியைப் பார்த்தாள், கீழே வெறுங்காலைப் பார்த்தாள். அந்தக் காலைப் பார்க்கத்தான் அவள் ஒவ்வொரு நாளும் மாடி ஏறினாள். அவனைப் போகவிடவும் ஏலவில்லை, இவரோடு வாழவும் ஏலவில்லை. முதலாளி தேய்வதைப் பார்ப்பதில் மட்டும் அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

ஒக்டோபர் முடிவில் மழை தொடங்கியது. மார்ச்சில் நழுவிய மூன்று ஓடுகளும் அப்படியே இருந்தன. அதைப் பற்றி மட்டும் சுகந்தினி ஒருநாளும் விருந்தாளியிடம் சொல்லியிருக்கவில்லை, அவராகவே கண்டுபிடித்தார். விருந்தாளிகள் கருத்து எழுதும் கொப்பியில் அழகான கையெழுத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே வசனத்தை எழுதினார்: கூரையில் மூன்று ஓடு நழுவியிருக்கிறது, தயவுசெய்து யாரையாவது ஏறச் சொல்லவும். றொசாரியோ அதை வாசித்து வெளிறிப்போனார். ஊர் மேசன்மாரைக் கூப்பிட்டார். அந்தக் கூரைக்கா என்று கேட்டுவிட்டு ஒருவரும் வரவில்லை.

நவம்பர் இரண்டாம் திகதி, செத்தவர்களின் நாள். பண்ணையில் வழக்கம்போலப் பெரிய மத்தியானச் சாப்பாடு. முற்றத்துத் திராட்சைப் பந்தலில் தறப்பாள் கட்டி மேசை போட்டிருந்தது. பங்குத் தந்தை வந்திருந்தார், பொறுப்பதிகாரி பெண்சாதி பிள்ளைகளோடு வந்திருந்தார், சவரக்கடைக்காரர் வந்திருந்தார், பலேர்மோவிலிருந்து இரண்டு வான் ஆட்கள் வந்திருந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. விருந்தாளி ஒற்றைச் செருப்போடு இறங்கி வந்து, கை மணியை ஒருமுறை தட்டினார்.

"மன்னிக்க வேண்டும்," என்றார். "என் கட்டில் நனைகிறது. யாராவது கூரைக்கு ஏறுவார்களா?"

எல்லாரும் றொசாரியோவைப் பார்த்தார்கள். அவர் தன் தட்டைப் பார்த்தார். விருந்தாளி காத்து நின்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு மேசை முழுக்கப் பரவி, சாப்பிட்டவர்களின் கைகளை ஒவ்வொன்றாக நிறுத்தியது. கடைசியில் றொசாரியோ எழும்பி, போனை மேசையில் வைத்துவிட்டுப் போய், ஏணியை எடுத்துவந்து சுவரில் சாத்தினார். சுற்றிப் பார்த்தார்.

"சுசான்னா, ஏணியைப் பிடிப்பாயா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிடிக்கிறேன் என்றாள்.

அவர் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் கீழே பார்த்துக்கொண்டு ஏறினார். ஓட்டில் முழங்கால் வைத்தபோது ஒன்று சறுக்கி வந்து முற்றத்தில் விழுந்து உடைந்தது. ஏணியை விடாதே, ஏணியை விடாதே என்று அவர் கத்தினார். மேசையில் அவருடைய போன் அடித்தது. அவள் திரும்பவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

"அன்றைக்கு இந்த ஏணியை யார் பிடித்தது?" என்று அவள் இத்தாலிய மொழியில் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் தறப்பாளில் விழும் தூறல் தவிர அங்கே வேறு சத்தம் இல்லை.

றொசாரியோ ஓட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான்."

"பிறகு?"

"போன் வந்தது. விட்டேன்."

"யார் ஏறச் சொன்னது?"

"நான்தான். ஓடு ஈரம் என்று அவன் சொன்னான். நான்தான் ஏறச் சொன்னேன். செருப்பும் நான்தான் போட்டேன்." அவர் ஓடுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "அவன் விருந்தாளி இல்லை. சிரோ என் வேலையாள். ஒன்பது வருடம்."

பொறுப்பதிகாரி பையிலிருந்து பேனையை எடுத்தார். எல்லாரும் விருந்தாளியின் வலது காலைப் பார்த்தார்கள். செருப்பு அசையவில்லை. அவர் கோப்பிக்குச் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"சிரோ என்று எனக்கு ஒருவரையும் தெரியாது," என்றாள் சுகந்தினி. "இங்கே செத்தவரின் பெயரைச் சொல்லு."

பெயர் அவருக்குத் தெரியாது. ஒரே ஒரு முறை, கடவுச்சீட்டைப் பார்த்து எழுதியிருந்தார், அதோடு சரி. தெரியாது, தெரியாது என்று அவர் ஓட்டின்மேல் நெற்றியை வைத்தார்.

"நான் சொல்கிறேன். பின்னால் சொல்லு. கே."

"கே."

"தீஸ்."

"தீஸ்."

"வ."

"வ."

அந்த இடத்தில் அவள் நின்றாள். ஒரு அசைதான் மிச்சம். அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டால் நாளைக்கும் அவர் மாடியில் இருப்பார், நாளன்றைக்கும் இருப்பார், அவள் கோப்பி கொண்டுபோவாள், அவர் நன்றி அம்மணி என்பார், முதலாளி ஆயுள் முழுக்க ஆடு கறப்பார். அவள் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். விருந்தாளி கோப்பியை உதட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆரணி, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, தாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய்யைச் சொல்லச் சொன்னபோதும் பிள்ளை இப்படித்தான் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ரன்," என்றாள் சுகந்தினி.

"ரன்," என்றார் றொசாரியோ. "கேதீஸ்வரன். கேதீஸ்வரன்."

வெள்ளைச் செருப்பு கழன்று விழுந்தது.

கேதீஸ்வரன் கோப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தான், அவன் ஒருநாளும் கோப்பி குடிக்கிறவன் இல்லை. கமெராவைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தான். மேலே அண்ணாந்து, வேலையைப் பார்க்கிற வேலையாளாக, ஓடுகளைப் பார்த்தான், அவற்றோடு ஒட்டிக்கிடந்த முதலாளியைப் பார்த்தான். எழும்பி, ஆரணியின் தலையில் கையை வைத்துவிட்டு, வெறுங்காலோடு தூறலுக்குள் நடந்து, ஏணியடிக்கு வந்தான்.

"மெலிஞ்சு போனாய்," என்றான்.

அவளுக்குச் சொல்ல எட்டு மாதத்துச் சொல் இருந்தது. அவள் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளுடைய காதுக்குக் கிட்டக் குனிந்தான். அவனில் ஆட்டு மணம் வந்தது.

"கொட்டிலுக்குப் பின்னால இன்னொரு ஏணி கிடக்கு," என்றான். "அதையும் எடுத்து வை."

சொல்லிவிட்டு, ஒவ்வொரு மத்தியானமும் போகிறதுபோல வீட்டைச் சுற்றி ஆட்டுக்கொட்டில் பக்கம் போனான். ஆடுகள் ஒருமுறை கத்தி அடங்கின. அவன் திரும்பி வரவில்லை.

ஆரணி உள்ளே போய்ப் பெரிய கொப்பியை எடுத்து, வெறுமையாக இருந்த கட்டத்தில், புறப்படும் திகதி: நவம்பர் இரண்டு என்று எழுதினாள். பங்குத் தந்தை தனக்குத் தெரிந்த பிரார்த்தனையைச் சொன்னார். பலேர்மோவிலிருந்து வந்த வானொன்றுக்குள் மழைக்கு ஒதுங்கியிருந்த ஐயர் இறங்கி வந்து, தண்ணீர் கேட்டுக் கையைக் கழுவி, அந்தியேட்டிக்கு நாள் பார்க்கத் தொடங்கினார். பொறுப்பதிகாரி எழுதி முடித்தார். எழுதியதில் கையெழுத்து வாங்க றொசாரியோ கீழே வரவேண்டும் என்றார்.

சுகந்தினி ஏணியைச் சுவரிலிருந்து எடுத்து, சத்தமில்லாமல் புல்லில் படுக்க வைத்தாள். பிறகு கொட்டிலுக்குப் பின்னால் போனாள். அவன் சொன்ன இடத்திலேயே மற்ற ஏணி கிடந்தது, அதைத் தனியாக இழுத்துக்கொண்டுபோய் வைக்கோலுக்குள் ஆழமாகச் செருகிவிட்டு வந்தாள்.

"அம்மணி, அவரை இறக்க வேண்டுமே," என்றார் பொறுப்பதிகாரி.

"ஏணி ஈரம்," என்றாள். "காயட்டும்."

பொறுப்பதிகாரி புல்லில் கிடந்த ஏணியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மனைவி அவருடைய தட்டில் இன்னொரு துண்டு இறைச்சி வைத்தாள். அவர் உட்கார்ந்தார். மேலே றொசாரியோ முதலில் சுசான்னா என்று கூப்பிட்டார். ஒருவரும் திரும்பவில்லை. மழை கொஞ்சம் பலத்தபோது, சுகந்தினி, சுகந்தினி என்று, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, ஒரு எழுத்தும் பிழையில்லாமல் கூப்பிட்டார்.

மேசையில் போன் திரும்பவும் அடித்தது. அவள் மெதுவாகக் கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள். தூரத்து நாட்டிலிருந்து ஒரு பெண், குடும்பமாக வருகிறோம், நல்ல அறை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

"மாதுளை அறை இருக்கிறது," என்றாள் சுகந்தினி. "இன்றைக்குத்தான் காலியானது. கூரை கொஞ்சம் ஒழுகும். முதலாளியே மேலே ஏறியிருக்கிறார். இறங்கும் திகதி இன்னும் எழுதவில்லை."